நல்ல கோப்பிக்குக் கஃபே தேவையில்லை

எங்கட தலைமுறையில் கோப்பி எண்ட சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வந்துவிட்டது. ஒன்று, தடிமன் காய்ச்சலுக்கும் செத்தவீட்டு இரவுகளுக்கும் வீட்டில் போடுகிற கறுப்புக் கோப்பி. மல்லியும் வேர்க்கொம்பும் மணக்கும், அடியில் மண்டி நிக்கும், சீனி தூக்கலாக இருக்கும். மற்றது, கொழும்பிலும் இப்ப யாழ்ப்பாணத்திலும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விற்கிற கோப்பி. அதின்ர பெயர் இத்தாலிய மொழியில் இருக்கும், நுரையில் இலை கீறியிருக்கும், குடிக்க முதல் ஒரு படம் எடுக்கவேணும். முதலாவதை மருந்தாகப் பாக்கிறம், இரண்டாவதை அந்தஸ்தாகப் பாக்கிறம். இரண்டுக்கும் நடுவில், வீட்டில் நாங்களே ஒவ்வொரு நாளும் போட்டுக் குடிக்கக்கூடிய நல்ல கோப்பி ஒண்டு இருக்கு. அதைப் பற்றி யாரும் பெரிசாகக் கதைக்கிறேல்லை.

நாங்கள் அதைப் பற்றித்தான் கதைக்கப் போறம். எங்கட நிலைப்பாடு சுருக்கமானது. ஒரு சின்ன மொக்கா பொட், எங்கட மலைநாட்டில் விளைஞ்ச கொட்டை, ஒரு பத்து நிமிசம். நல்ல கோப்பிக்கு இவ்வளவும் போதும். அதைக் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு எண்டு விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை இல்லை. அதோட, அந்தக் கொட்டை எந்த மண்ணில் இருந்து, யாருடைய முதுகில் ஏறி வந்தது எண்டு தெரியாமல் குடிக்கிறதும் சரியில்லை.

பொட் எப்படி வேலை செய்யுது?

மொக்கா பொட் மூன்று துண்டுகள் கொண்ட பாத்திரம். கீழே தண்ணி நிக்கிற அறை. நடுவில் புனல் வைச்ச, தூள் போடுகிற கிண்ணம். மேலே கோப்பி வந்து சேருகிற சாடி. 1933இல் இத்தாலியின் பியெட்மொன்ட் பகுதியில், குரூசினல்லோ எண்ட ஊரில் அலுமினியப் பட்டறை வைத்திருந்த அல்ஃபொன்சோ பியலெற்றியின் பெயரோடு இது வெளியில் வந்தது. மொக்கா எண்ட பெயர் யேமன் நாட்டுத் துறைமுகத்தின் பெயர். அந்தக் காலத்தில் இத்தாலியிலும் கடுங்கோப்பி எண்டால் கடைக்குப் போய், பெரிய மெசினுக்கு முன்னால் நிண்டு குடிக்கிற விசயம். கடைக் கோப்பியை இனி வீட்டிலேயே போடலாம் எண்டு சொல்லித்தான் இந்தப் பொட்டை வித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மகன் ரெனாற்றோ பெரிய அளவில் விளம்பரம் செய்து, இத்தாலிக் குசினிகளுக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2016இல் அவர் இறந்தபோது அவருடைய சாம்பலை ஒரு பெரிய மொக்கா பொட்டுக்குள் வைத்தே அடக்கம் செய்தார்கள்.

வேலை செய்கிற விதம் சுலபம். கீழறைத் தண்ணி சூடாக, அதுக்கு மேல் அடைபட்டிருக்கிற காத்தும் நீராவியும் விரிஞ்சு தண்ணியை அமத்தும். தண்ணிக்குப் போக ஒரே ஒரு வழிதான்: புனலுக்குள்ளால் ஏறி, தூளுக்குள்ளால் புகுந்து, மேல் சாடிக்குள் வரவேணும். இந்த அழுத்தம் கிட்டத்தட்ட 1 தொடக்கம் 2 பார். கஃபே மெசினில் அது 9 பார் அளவு. அதனால் இது எஸ்பிரசோ இல்லை, அந்த நுரையை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் கேத்திலில் கொதிக்க வைச்சு வடிச்ச கோப்பியைவிடத் தடிப்பாக இருக்கும். பால் விட்டாலும் ருசி தொலைஞ்சு போகாது. பால் விட்டுக் குடிக்கிற சனத்துக்கு இது முக்கியமான விசயம்.

போடுகிற முறை

மூண்டு கப் எண்டு பெட்டியில் போட்டிருந்தால் எங்கட தேத்தண்ணிக் கோப்பையை நினைக்க வேண்டாம். அவர்கள் சொல்லுகிற கப் 50 மில்லி லீற்றர் அளவுதான். மூண்டு கப் பொட் வெறும் கோப்பியாகக் குடித்தால் ஒரு ஆளுக்கு, பால் விட்டால் இரண்டு ஆளுக்குக் காணும். அதுக்குக் கிட்டத்தட்ட 150 மில்லி லீற்றர் தண்ணியும் 15 கிராம் தூளும் பிடிக்கும். அரைவாசிப் பொட் போடலாமோ எண்டு கேட்பார்கள். போட்டால் வரும், ஆனால் நல்லா வராது. கிண்ணமும் கீழறையும் நிறைய இருந்தால்தான் பொட் ஒழுங்காக வேலை செய்யும். ஒரு ஆள்தான் குடிக்கிறது எண்டால் சின்ன பொட் வாங்குங்கோ.

கீழறையின் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அது பாதுகாப்புக்கு: உள்ளே அழுத்தம் கூடினால் அதுக்குள்ளால்தான் ஆவி வெளியேறும். தண்ணி அந்த வால்வுக்குக் கீழே நிக்கவேணும், அதை மூடக்கூடாது. பச்சைத் தண்ணி ஊத்தாமல் கேத்திலில் கொதிச்ச தண்ணியை ஊத்தினால் பொட் அடுப்பில் இருக்கிற நேரம் குறையும், காய்ஞ்ச தூள் சூட்டில் வேகாது. அப்படிச் செய்தால் கீழறையைத் துணியால் பிடிச்சு இறுக்குங்கோ, கை சுடும். கைபிடியைப் பிடிச்சு இறுக்கினால் கைபிடி கழன்றுபோகும்.

தூளைக் கிண்ணம் நிறையப் போட்டு, மெல்லத் தட்டிச் சமப்படுத்தினால் சரி. கரண்டியால் அமத்தி இறுக்க வேண்டாம். கஃபேயில் அமத்துகிறார்களே எண்டு கேட்கலாம். அங்கே மெசினுக்குப் பலம் இருக்கு, இங்கே இல்லை. இறுக்கினால் தண்ணி போக வழியில்லாமல் தவிக்கும், கோப்பி எரிஞ்ச ருசி அடிக்கும்.

நெருப்பு மிகச் சின்னதாக இருக்கவேணும். சுவாலை பொட்டின் அடியைத் தாண்டி வெளியில் வரக்கூடாது. மூடியைத் திறந்து வைச்சுப் பாருங்கோ. முதலில் கடும் மண்ணிறத்தில், தேன் மாதிரி மெல்ல இறங்கும். பிறகு நிறம் வெளிறும். கொர கொர எண்டு சத்தம் வரத் தொடங்கினால் கீழே தண்ணி முடிஞ்சு ஆவி ஏறுது எண்டு அர்த்தம். அந்த ஆவிதான் தூளில் மிஞ்சியிருக்கிற கசப்பை எல்லாம் இழுத்துக்கொண்டு வரும். சத்தம் பெருக முதலே இறக்கி, அடியை ஒரு ஈரத்துணியில் வைச்சால் வடிகிறது நிக்கும். மொக்கா பொட் கோப்பி கசக்கும் எண்டு சொல்லுகிற பெரும்பாலான ஆக்கள் இந்தக் கடைசி அரை நிமிசத்தைத்தான் குடிக்கினம். பொட்டில் பிழை இல்லை.

தூளும் தண்ணியும்

பொட்டைவிடக் கொட்டை முக்கியம். கடையில் பக்கெற்றில் வாங்குகிற தூள் எப்ப வறுத்தது, எப்ப அரைச்சது எண்டு பெரும்பாலும் தெரியாது. அரைச்ச கோப்பி காத்துப் பட்டு கெதியில் மணம் இழந்துபோகும். அதனால் முடிஞ்ச அளவுக்குக் கொட்டையாக வாங்கி, தேவைக்கு மட்டும் அரையுங்கோ. பச்சைக் கொட்டை கிடைச்சால் இன்னும் நல்லது. ஒரு தாச்சியில் மிதமான நெருப்பில், கை எடுக்காமல் கிண்டி வறுக்கலாம். கொஞ்ச நேரத்தில் கொட்டை படபட எண்டு வெடிக்கும். அதுக்குப் பிறகு நல்ல மண்ணிறம் வந்து, மேலே எண்ணெய் மினுங்க முதல் இறக்கி, சுளகில் கொட்டி ஆறவிட வேணும். ஒரு நாள் இரண்டு நாள் மூடி வைச்சுவிட்டு அரைச்சால் ருசி திரண்டு வரும்.

இங்கே எங்கட அம்மம்மாமாரோடு ஒரு சின்னச் சண்டை இருக்கு. கொட்டை கருகும் வரை வறுக்கிறதுதான் எங்கட ஊர் வழக்கம். கருகின பிறகு எந்த மலைக் கொட்டையும் ஒரே ருசிதான், கரி ருசி. பழைய முறை எண்டதால் மட்டும் அது நல்ல முறை ஆகிவிடாது. அதேநேரம் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடிச்ச அந்தத் தூள் தனியான ஒரு பானம், அதுக்கு அதின்ர மரியாதை இருக்கு. அதை மொக்கா பொட்டுக்குள் போட வேண்டாம் எண்டுதான் சொல்லுறம். மா மாதிரி நுணுக்கமாக இருக்கிற தூள் சல்லடையை அடைக்கும், அழுத்தம் கூடும். அந்தக் கோப்பிக்குக் கேத்திலும் வடியும்தான் சரி.

மொக்கா பொட்டுக்குத் தூள் மேசை உப்பு அளவுக்கு இருந்தால் போதும். கையால் சுத்துகிற கோப்பி கிரைண்டர் இருந்தால் வசதி. இல்லாட்டி வீட்டுக் கிரைண்டரில் விட்டு விட்டு அடிச்சு, அரிதட்டில் ஒருக்கா அரிச்சு மாவை நீக்கிவிடலாம். உரலும் உலக்கையும் இருக்கிற வீட்டில் அதுவும் சரிதான். மாவாகப் போக முதல் நிப்பாட்ட வேணும், அவ்வளவுதான்.

தண்ணியும் விசயம்தான். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் மண். எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதை எல்லாரும் கண்டிருப்பம். அந்தப் படிவு மொக்கா பொட்டின் வால்வையும் அடைக்கும். அது ருசிப் பிரச்சினை மட்டும் இல்லை, ஆபத்தும்தான். கடினத் தண்ணி கோப்பியின் மெல்லிய புளிப்பை அடக்கி, ருசியைச் சப்பெண்டு ஆக்கிவிடும். குடிக்க எண்டு எடுத்து வைக்கிற நல்ல தண்ணியைப் பாவியுங்கோ. படிவு கண்டால் கொஞ்சம் வினாகிரி கலந்த தண்ணியைத் தூள் போடாமல் ஒருக்கா ஏத்தி இறக்கி, பிறகு வெறும் தண்ணியால் கழுவுங்கோ. பொட்டைக் கழுவக்கூடாது, பழைய கோப்பி எண்ணெய் ருசி கூட்டும் எண்டு ஒரு கதை இருக்கு. நம்ப வேண்டாம். பழைய எண்ணெய் காறிப்போகும். ஒவ்வொரு முறையும் கழுவி, கழற்றிக் காயவைக்க வேணும்.

யார் போடுகிறது?

அந்த இத்தாலியப் பொட்டின் பக்கத்தில் ஒரு மீசைக்காரர் படம் இருக்கும். ஒரு விரலை உயர்த்திக்கொண்டு நிப்பார், கடையில் ஒரு கோப்பி சொல்லுகிற மாதிரி. எங்கட வீடுகளிலும் இப்படி ஒரு மீசைக்காரர் இருக்கிறார். கதிரையில் இருந்துகொண்டு, பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல், "இஞ்சை, ஒரு தேத்தண்ணி" எண்டு சொல்லுவார். அவருக்குத் தேத்தண்ணி வரும். அது எந்தத் தகரத்தில் இருந்து வந்தது, சீனி எங்கே இருக்கு எண்டு கேட்டால் அவருக்குத் தெரியாது. அவர் அப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், எங்கட வயசுப் பெடியனாகவும் இருக்கலாம்.

கஃபேயில் பாரிஸ்ராவாக நிக்கிறது இப்ப பெடியங்களுக்கு ஸ்ரைலான வேலை. ஆனால் அதே வேலை வீட்டுக் குசினியில் இருந்தால் அம்மாவின்ர கடமை. வெளியில் கலை, வீட்டில் கடமை எண்டு ஒரே வேலைக்கு இரண்டு மதிப்புக் கொடுக்கிறதை நாங்கள் ஏற்றுக்கொள்ளேல்லை. நல்ல கோப்பி குடிக்க ஆசைப்படுகிற ஆள் தானே போட்டு, தானே பொட்டைக் கழுவி வைக்கவேணும். ஒருக்கால் அம்மாவுக்கும் ஒரு கப் கொண்டுபோய்க் குடுங்கோ. "சீனி காணாது" எண்டு சொன்னால் கோவிக்க வேண்டாம், சீனியைப் போட்டுக் குடுங்கோ. கோப்பியைச் சீனி இல்லாமல்தான் குடிக்கவேணும் எண்டு பாடம் நடத்துகிறதும் ஒரு வகை மீசைதான்.

கொட்டை வந்த வழி

இலங்கை எண்டால் தேயிலை எண்டு உலகம் நினைக்குது, நாங்களும் அப்படித்தான் படிச்சம். ஆனால் மலைநாட்டில் காட்டை வெட்டிப் பெருந்தோட்டம் போட்டது முதலில் கோப்பிக்காக. பிரிட்டிஷ்காரர் 1820களில் தொடங்கி, அடுத்த சில பத்தாண்டுகளில் கண்டியைச் சுற்றியுள்ள மலைகள் எல்லாம் கோப்பி ஆக்கினார்கள். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வந்தது தமிழ்நாட்டில் இருந்து. கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியால் மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் பசியிலும் கொலராவிலும் செத்தவர்கள் ஏராளம். 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்ததே, அது அந்தப் பாதையை நினைச்சுத்தான்.

1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு துரு கண்டுபிடிக்கப்பட்டது. ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் எண்ட பூஞ்சணம். எமிலி எண்ட பெண் பெயரை வைச்சு அதுக்குத் துரைமார் பட்டப்பெயரும் வைத்தார்கள். மலை முழுக்க ஒரே பயிர் எண்டதால் நோய் பரவத் தடை இருக்கேல்லை. அதுக்கு இரண்டு வருசம் முந்தி, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி விழ, தேயிலை எழும்பியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் பெருமளவு ஆள் தேவை, வந்தவர்கள் பலர் வேலை முடிய ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலைக்கு வருசம் முழுக்க ஆள் வேணும். லயத்து வாழ்க்கை நிரந்தரமானது அப்படித்தான். 1948இல் அவர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் சட்டம் போட்டுப் பறித்தார்கள்.

இதை ஏன் கோப்பிக் கட்டுரையில் சொல்லுறம் எண்டால், இண்டைக்கு உள்ளூர்க் கோப்பி எண்டு நாங்கள் பெருமையாக வாங்குவது பெரும்பாலும் வீட்டுத்தோட்டக் கோப்பி. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் சின்னக் காணிக்காரர் மிளகு, பலா, வாழையோடு சேர்த்து வளர்க்கிற செடிகள். நல்ல விசயம்தான். ஆனால் வீட்டுத்தோட்டம் வைக்க முதலில் ஒரு வீடும் அதைச் சுத்திக் காணியும் வேணும். இந்தத் தீவின் கோப்பியைத் தங்கட உழைப்பால் உருவாக்கின ஆக்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஒரு கோப்பிச் செடி நட உரிமையான நிலம் இண்டைக்கும் இல்லை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் எண்டு வர்த்தமானியில் வந்தது, அதுவும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு. பிறகு கொஞ்சம் கூடியிருக்கு. அந்த ஆயிரத்துக்கு இரண்டு கப்புச்சினோ வாங்க முடியாத கடைகள் இப்ப கொழும்பில் இருக்கு.

உள்ளூர்க் கொட்டை வாங்கினால் இது தீர்ந்துவிடும் எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. காணியுரிமை அரசியல் கோரிக்கை. அதைக் கப்பில் கரைச்சுக் குடிக்க ஏலாது. ஆனால் வாங்கேக்கை எந்த ஊர்க் கொட்டை, யாரிட்ட வாங்கினது, அவைக்குக் கிலோவுக்கு என்ன குடுத்தது எண்டு கேட்கலாம். எத்தியோப்பியாவில் எந்த மலையில் விளைஞ்சது எண்டு ஆர்வமாகக் கேட்கிற நாங்கள், பண்டாரவளையைப் பற்றி ஏன் கேட்கக்கூடாது?

வரக்கூடிய கேள்விகள்

"பொட் விலைதானே?" எண்டு கேட்கலாம். உண்மை, மலிவில்லை. ஆனால் ரப்பர் வளையத்தை மட்டும் இடைக்கிடை மாத்தினால் பல வருசம் உழைக்கும். மாதத்துக்கு நாலு தரம் கஃபேக்குப் போகிற ஆள் சில மாதத்தில் அந்தக் காசை எடுத்துவிடலாம். வாங்க வசதி இல்லாட்டி பொட் இல்லாமலும் நல்ல கோப்பி வரும். தண்ணியைக் கொதிக்க வைச்சு இறக்கி, கரடுமுரடாக அரைச்ச தூளைப் போட்டு, மூடி, நாலு நிமிசத்தில் வடிச்சு எடுங்கோ. தூளோடு சேர்த்துக் கொதிக்க வைக்காமல் இருந்தாலே பாதி வெற்றி.

"காஸ் செலவு?" 2022இல் வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் நிண்ட சனம் நாங்கள், அந்தக் கேள்வி நியாயமானது. மூண்டு கப் பொட் சின்ன நெருப்பில் சில நிமிசத்தில் முடியும். ஒரு பானை தண்ணி கொதிக்க வைக்கிறதைவிடக் குறைவு.

"தேத்தண்ணியே காணுமே?" காணும் எண்டால் சந்தோசம், பிளேன்ரீக்கு எதிராக எங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. எங்கட கவலை வேற. எது நல்லது எண்டு தீர்மானிக்கிறதைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவர்களிடம் குடுத்துவிட்டு, விலைப்பட்டியலைப் பார்த்து ருசியை அளக்கப் பழகுகிறம். ருசி பார்க்கிறது எல்லாருக்கும் உரிமையான விசயம். லயத்தில் இருக்கிற பிள்ளைக்கும், வன்னியில் இருக்கிற பிள்ளைக்கும், கொழும்பில் வாடகை அறையில் இருக்கிற பிள்ளைக்கும்.

இந்தக் கிழமை ஒரு 100 கிராம் கொட்டை வாங்குங்கோ. எந்த ஊர் எண்டு கேட்டு வாங்குங்கோ. நெருப்பைக் குறைச்சு, மூடியைத் திறந்து வைச்சு, சத்தம் வர முதல் இறக்குங்கோ. பிறகு பொட்டை நீங்களே கழுவி வையுங்கோ.